டச் கடை யாருடையது?

சேலத்தில் வட்டியில்லாக் கடன் சங்கம் தொடங்கக் கூடியிருக்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய முத்தவல்லிகளுக்கும், அமைப்புக் குழுச் சகோதரர்களுக்கும், அன்று மண்டபத்தின் பின்வரிசையில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த சகோதரிகளுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். ஆளுக்கொரு வரைவுத் துணைவிதி கொடுத்தீர்கள், 18 பக்கம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து அதைப் படித்தேன். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தே 31 வருஷம் உத்தியோகம் பார்த்தவன். ஒரு சங்கம் எங்கே நொடிக்கும் என்பது அதன் துணைவிதியிலேயே எழுதியிருக்கும். படிக்கத்தான் ஆள் வேண்டும். உங்கள் வரைவில் 11-ம் பக்கத்தையும் 13-ம் பக்கத்தையும் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இந்தச் சங்கம் வரக்கூடாது என்று நான் எழுதவில்லை. வரவேண்டும் என்று உங்களைவிட அதிகமாக ஏங்குகிறவன் நான். லீ பஜாரில் விடியற்காலையில் 900 ரூபாய் வாங்கி, சாயங்காலம் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும் தள்ளுவண்டிக்காரர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும். கந்துவட்டிக்கு எதிராக 2003-ல் சட்டம் வந்தது. ஆனாலும் வசூல் பைக்குகள் குகைத் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கமே போகாமல், பீரோவில் துணிக்கடியில் பணத்தை வைத்திருக்கும் கிழவிகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் முடங்கிக் கிடக்கும் பணம், இன்னொரு பக்கம் 900-க்குத் தவிக்கும் கை. இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு பாலம் வேண்டும் என்று நீங்கள் நினைத்தது நல்ல நினைப்பு. பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்பதுதான் என் கவலை.

முதலில் ஒரு சின்ன விஷயம். கூட்டத்துக்கான சுவரொட்டியில் ‘சேலத்தின் முதல் இஸ்லாமிய வங்கி’ என்று போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதைக் கிழித்துவிடுங்கள். 1949-ம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி, உரிமம் இல்லாத யாரும் ‘வங்கி’ என்ற சொல்லைப் பெயரில் சேர்க்கக் கூடாது. 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிசீலிக்கச் சொன்னது. 2015-ல் ரிசர்வ் வங்கி அமைத்த இன்னொரு குழு, இருக்கிற வங்கிகளிலேயே அதற்குத் தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017-ல், அந்த யோசனையை மேலே கொண்டுபோகப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி தெரிவித்துவிட்டது. ஆகவே இன்று நம்மால் முடிவது உறுப்பினர்களுக்குள் மட்டும் பணம் வாங்கிப் பணம் கொடுக்கும் ஒரு சங்கம்தான். இதைச் சொல்லக் காரணம் பெயர் மட்டும் அல்ல. உண்மையான வங்கியில், கூட்டுறவு வங்கியில்கூட, போட்ட பணத்துக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நம் சங்கத்துக்கு அது கிடையாது. நாளைக்குச் சங்கம் விழுந்தால் தாங்கிப் பிடிக்கக் கீழே எந்த வலையும் இல்லை. நிர்வாகத்தின் ஒழுங்கு ஒன்றுதான் நம் காப்பீடு.

இனி என் வீட்டுக் கதை. இதுவரை வெளியில் சொல்லாதது.

2016-ல் என் அக்கா, அத்தா விட்டுப்போன சின்ன மனையை விற்ற காசில் 4 லட்சத்தை ஒரு ‘ஹலால் முதலீட்டு’ நிறுவனத்தில் போட்டார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வெளியூர்க்காரர்கள். கல்யாண மண்டபம் பிடித்து, பிரியாணி போட்டு, மேடையில் மார்க்க அறிஞர்களான நான்கு ஆலிம்களை உட்கார வைத்து, ‘உங்கள் பணம், எங்கள் உழைப்பு, லாபத்தில் பங்கு, இதுதான் முதாரபா’ என்று விளக்கினார்கள். விளக்கம் சரியானது. துண்டறிக்கையின் பின்பக்கத்தில் ஷரீஅத் ஆலோசகர்கள் என்று ஆறு பெயர், கீழே அரபு முத்திரை. மாதம் பிறந்தால் 10-ம் தேதி, லட்சத்துக்கு 2,500 கணக்கில் 10,000 ரூபாய் அக்கா கணக்கில் விழும். நான் போகும்போதெல்லாம் பாஸ்புக்கை எடுத்துக் காட்டுவார். நோன்பு மாதத்தில் 10,000. ஐப்பசி மழையில் 10,000. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த அந்த நவம்பரிலும் 10,000.

அந்த நவம்பரில் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகள் எப்படிக் கிடந்தன என்று நினைத்துப் பாருங்கள். கூலி கொடுக்க நோட்டு இல்லாமல் வாரக்கணக்கில் வேலை நின்றது. எந்த வியாபாரம் அந்த மாதம் லட்சத்துக்கு 2,500 லாபம் கொடுத்தது? வியாபார லாபம் என்றால் ஏறும், இறங்கும், சில மாதம் கையைக் கடிக்கும். அசையாமல் ஒரே தொகை வந்தால் அது லாபம் இல்லை. பின்னால் வந்தவர் போட்ட முதலை முன்னால் வந்தவருக்குப் பிரித்துக் கொடுப்பது. ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தவனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தது. மச்சான் முகத்துக்காகவும் மேடையில் இருந்த ஹஜ்ரத்துகளின் மரியாதைக்காகவும் வாயை மூடிக்கொண்டேன். 15-வது மாதம் பணம் வரவில்லை. 16-வது மாதம் அலுவலகத்தில் ஷட்டர் இறங்கியிருந்தது. அக்கா மகளின் நிக்காஹ் இரண்டு வருஷம் தள்ளிப் போனது.

மேடையில் இருந்த ஆலிம்களில் ஒருவரைத் தேடிப்போய்ப் பார்த்தேன். கோபத்தோடுதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய தங்கையும் பணம் போட்டிருந்தாராம். அவருக்கு ஒருநாள்கூட எந்தக் கணக்கும் காட்டப்படவில்லை. ஒப்பந்தப் படிவத்தைக் கொடுத்து வாசகம் சரியா என்று கேட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டார். அதோடு அவர் வேலை முடிந்தது. பணம் எந்த வழியாகப் போய் எங்கே நிற்கிறது என்று கேட்க அவருக்கு அதிகாரமும் இல்லை, கேட்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. பெங்களூருவில் 2019 ஜூனில் ஐ.எம்.ஏ. என்ற ‘ஹலால்’ முதலீட்டு நிறுவனம் சரிந்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புகார் கொடுக்க வரிசையில் நின்றபோது, எனக்கு அந்த ஆலிமின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது உங்கள் 11-ம் பக்கத்துக்கு வருகிறேன்.

‘தலைவர் மூன்று ஆலிம்களைக் கொண்ட ஷரீஅத் ஆலோசனைக் குழுவை நியமிப்பார். அக்குழு தலைவர் கேட்கும் பொருள்களில் ஆலோசனை வழங்கும். குழுவின் உறுப்பினரைத் தலைவர் மாற்றியமைக்கலாம்.’ மூன்றே வாக்கியம். மூன்றும் ஒருவர் கையில். அவரே வைப்பார், அவர் கேட்டால் பேசுவார்கள், பேச்சு பிடிக்காவிட்டால் அவரே எடுப்பார்.

செவ்வாய்ப்பேட்டையில் நாம் எப்படி வியாபாரம் செய்கிறோம்? வியாபாரி பட்டறைக்காரருக்கு வெள்ளிக் கட்டி கொடுக்கும்போது எடை போடாமல் கொடுத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? அண்ணன் தம்பியாக இருந்தாலும் எடை, சிட்டை, கையெழுத்து. கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை, சேதாரக் கணக்கு, அப்புறம் டச், அதாவது வெள்ளியின் சுத்தம் பார்ப்பது. அந்த டச் பார்க்கும் கடை வியாபாரியுடையதும் இல்லை, பட்டறைக்காரருடையதும் இல்லை. மூன்றாவது ஆள் கடை. வியாபாரியே டச் கடையும் வைத்து, ‘என் வெள்ளி சுத்தம் என்று என் கடையே சொல்லிவிட்டது’ என்றால் இந்தத் தெருவில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். டச் கேட்பதால் யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. அது தொழிலின் முறை. 11-ம் பக்கம் அந்த முறையை மீறுகிறது: சுத்தம் பார்க்கும் கடையைச் சரக்கு விற்பவரே நடத்தலாம் என்கிறது.

உலகத்தில் இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். பஹ்ரைனில் இருந்துகொண்டு இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குக் கணக்கு, தணிக்கைத் தரங்களை வகுக்கும் அமைப்பை அயோஃபி என்பார்கள். ஷரீஅத் மேற்பார்வைக் குழுவில் குறைந்தது மூன்று பேர்; அவர்களை நியமிப்பது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம்; நிறுவனத்தின் இயக்குநரோ பெரிய பங்குதாரரோ அதில் இருக்கக் கூடாது என்கிறது அதன் தரம். மலேசியாவில் மத்திய வங்கியின் ஒப்புதல் இல்லாமல் ஷரீஅத் குழுவில் ஒருவரை வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஒருவரே ஒரே வகையான இரண்டு நிறுவனங்களில் உட்காரவும் அங்கே தடை. 2013-ல் வந்த அவர்களுடைய சட்டம் ஷரீஅத் விதியை மீறி நடத்துபவர்களுக்கு 8 ஆண்டு வரை சிறையும் 2.5 கோடி ரிங்கிட் வரை அபராதமும் வைத்திருக்கிறது. நம் சங்கத்துக்கு அந்த அளவு சட்டம் வரப்போவதில்லை. அதனால்தான் துணைவிதியில் நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘இதெல்லாம் செலவு பாய், முதலில் நாலு காசு லாபம் வரட்டும், அப்புறம் குழு போடலாம்’ என்று கூட்டத்தில் ஒரு சகோதரர் சொன்னார். பலர் தலையாட்டினீர்கள். அவருக்கு என் பதில் இது. 25 நாடுகளில் 86 இஸ்லாமிய வங்கிகளையும் 86 சாதாரண வங்கிகளையும் எடுத்து, 2005 முதல் 2011 வரையிலான கணக்குகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. ஷரீஅத் குழுவுக்கு மேற்பார்வை அதிகாரம் இருந்த வங்கிகளில் அதனால் நிதிநிலை மேம்பட்டிருந்தது. வெறும் ஆலோசனை சொல்லும் குழுவாக இருந்த இடங்களில் குழு இருந்ததால் சொல்லும்படியான பலன் இல்லை. தலைமை நிர்வாகியே தலைவராகவும் இருந்து அதிகாரம் ஒருவரிடம் குவிந்த இடங்களில் செயல்பாடு பொதுவாகக் கெட்டிருந்தது. நீங்கள் வரைவில் தேர்ந்தெடுத்திருப்பது பலனில்லாத அந்த இரண்டாம் வகை. தலைவரும், அன்றாட நிர்வாகத்தை நடத்தும் செயலாட்சியரும் ஒருவரே என்று 9-ம் பக்கத்தில் வேறு இருக்கிறது. நல்ல நிர்வாகம் லாபத்துக்குப் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளும் நகை இல்லை ஐயா. லாபம் வரும் வழியே அதுதான்.

அதிகாரமுள்ள குழு என்ன செய்யும் என்பதற்கு உங்கள் வரைவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ‘கொலுசுப் பட்டறைகளுக்குச் சங்கம் வெள்ளிக் கட்டி வாங்கி, லாபம் சேர்த்து, மூன்று மாதத் தவணைக்கு விற்கும்’ என்று 6-ம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். முராபஹா என்று தலைப்பும் போட்டிருக்கிறீர்கள். ஒரு மெஷினுக்கோ மரவள்ளி மூட்டைக்கோ இது பொருந்தும். வெள்ளிக்குப் பொருந்துமா? தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு என்று ஆறு பொருளைச் சொல்லி, கைக்குக் கை மாற்ற வேண்டும் என்ற நபிமொழியை மதரஸாவில் முதல் வருஷப் பிள்ளையும் ஓதியிருக்கும். பணத்தைப் பின்னால் தருகிறேன் என்று வெள்ளியை இப்போது வாங்குவதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. அதாவது வட்டியை ஒழிக்க வந்த சங்கத்தின் முதல் திட்டத்திலேயே, இந்த ஊரின் முக்கியத் தொழிலிலேயே, வட்டி வாசல் வழியாக நுழைகிறது. வரைவின் கீழே மூன்று ஆலிம்களின் பெயர் இருக்கிறது. அவர்களுக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. 6-ம் பக்கத்தை அவர்களிடம் யாரும் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. பட்டறைக்குச் செயின் பின்னும் மெஷினைச் சங்கம் வாங்கி இஜாராவாக வாடகைக்கு விடலாம். கூலிச் செலவுக்கு முதல் கொடுத்து லாபத்தில் பங்கு கேட்கலாம். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் கொடியேற்றி மிளகு வளர்க்கும் சின்ன விவசாயிகள், பறிப்புக்கு ஆறு மாதம் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். அந்த இடத்தில் ஸலம் என்ற ஒப்பந்தம் கச்சிதமாக உட்காரும்: முழுத் தொகையும் முன்னாலேயே கொடுக்க வேண்டும், எத்தனை கிலோ, என்ன தரம், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். காப்பிக்கும் செய்யலாம். மலையில் இருப்பவர்கள் எந்த மதமாக இருந்தால் என்ன, வட்டியில்லாத முன்பணம் எல்லோருக்கும் இனிக்கும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்கத்தான் அதிகாரமுள்ள குழு வேண்டும் என்கிறேன்.

13-ம் பக்கம். இதை எழுதியவர் யாராக இருந்தாலும் மறுபடி ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘தொழில் பங்கு வைப்பு’ போடுகிறவர்கள் இணை உறுப்பினர்கள். லாபத்தில் 60 சதவீதம் அவர்களுக்கு. நஷ்டம் வந்தால் முழுவதும் அவர்கள் தலையில். பொதுக்குழுவில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

முதாரபாவில் பண நஷ்டம் முதல் போட்டவருக்குத்தான் என்பது சரி. உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம். ஆனால் உழைத்தவர் அலட்சியத்தாலோ ஒப்பந்தத்தை மீறியோ நஷ்டம் வந்தால் அவர்தான் ஈடு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளதுதான். அந்த வரி உங்கள் வரைவில் இல்லை. அலட்சியமா, தலைவிதியா என்று யார் பார்ப்பது? வாக்கில்லாதவர் கேள்வி கேட்க முடியாது. வட்டி வங்கியில் பணம் போடுகிறவருக்கும் வாக்கில்லை, ஆனால் அவருக்கு முதல் பத்திரம். பங்கு வாங்குகிறவருக்கு முதல் பத்திரம் இல்லை, ஆனால் அவருக்கு வாக்கு உண்டு. நம் சங்கத்தில் முதலும் பத்திரமில்லை, வாக்கும் இல்லை. இரண்டு பக்கத்துக் கசப்பையும் ஒருவர் வாயிலேயே ஊற்றுகிறோம். இஸ்லாமிய வங்கித் துறை முழுவதற்கும் உள்ள பழைய ஓட்டை இது. கோலாலம்பூரில் 2002-ல் அமைந்த இஸ்லாமிய நிதிச் சேவை வாரியம் 2006-ல் வெளியிட்ட நிர்வாக நெறிகளில், இந்த முதலீட்டாளர்களின் நலனைப் பார்க்கவே ஒரு தனி நிர்வாகக் குழு வேண்டும் என்று சொன்னது. நாம் சின்னச் சங்கம்; தனிக் குழு வேண்டாம். நிர்வாகக் குழுவில் இரண்டு நாற்காலியை வைப்பு போட்டவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுக்கு ஒதுக்குங்கள். அதில் ஒன்று பெண்ணுக்கு. அன்று மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தவர்கள்தான் நகையை விற்றுப் பணம் போடப் போகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கும் மைக் கொடுக்கவில்லை.

உறவுக்காரர் கடன் பற்றி வரைவில் ஒரு சொல்லும் இல்லை. துருக்கியில் வட்டியில்லா நிதி நிறுவனங்களில் பெரியதாக இருந்த இஹ்லாஸ் ஃபினான்ஸின் உரிமம் 2001 பிப்ரவரியில் ரத்தானது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் சிக்கியது. மக்கள் போட்ட பணம் அதே குழுமத்தின் மற்ற கம்பெனிகளுக்குள் போயிருந்தது. வங்கதேசத்தில் 1983-ல் தொடங்கி நல்ல பெயரெடுத்த இஸ்லாமி வங்கி 2017-ல் ஒரு தொழில் குழுமத்தின் பிடிக்குள் போனது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு மத்திய வங்கி அதன் நிர்வாகக் குழுவையே கலைக்க வேண்டி வந்தது. 2025-ல் நொடித்துப்போன ஐந்து ஷரீஅத் வங்கிகளை ஒன்றாகச் சேர்க்கும் வேலை தொடங்கியது. அந்த வங்கதேச வங்கிகளில் ஷரீஅத் குழு இருந்தது. படிவங்களில் வட்டி என்ற சொல் இல்லை. கடன் வாங்கியவரும் கடன் கொடுக்க முடிவு செய்தவரும் ஒரே ஆளாக இருந்ததுதான் வினை. நிர்வாகக் குழு உறுப்பினர், மனைவி, மக்கள், உடன்பிறந்தார், மச்சான், சம்பந்தி, கூட்டாளி யாருக்கும் பதவிக் காலத்தில் கடன் கிடையாது என்று ஒரே வரி எழுதுங்கள். நம் ஊரில் சம்பந்தி என்ற சொல் எவ்வளவு நீளும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அடுத்து, லாபம். ‘எதிர்பார்க்கும் லாபம் ஆண்டுக்கு 12 சதவீதம்’ என்று துண்டறிக்கையில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். கொங்குப் பக்கத்தில் 2012-ல் ஈமுக் கோழி எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். மாதாமாதம் இவ்வளவு என்று முன்கூட்டிச் சொன்ன இடத்தில்தான் அதுவும் தொடங்கியது. ஒரு தடவை 12 என்று சொல்லிவிட்டால், 7 வந்த வருஷத்தில் 12 கொடுக்கச் சொல்லி மனசு அரிக்கும். மலேசியாவின் தாபுங் ஹாஜியைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். ஹஜ்ஜுக்குப் போகச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் மக்களுக்காக 1963-ல் தொடங்கிய நிதி அது. நம்மில் பலர் புகழ்ந்து பேசுவது. 2018 டிசம்பரில் அரசு கணக்கைத் திறந்து காட்டியபோது, சொத்தைவிடப் பொறுப்பு அதிகமாக இருந்தும் அது பங்குத் தொகை கொடுத்து வந்தது தெரிந்தது. அரசே 1,990 கோடி ரிங்கிட் மதிப்பில் அதன் சொத்துகளை எடுத்துக்கொண்டு தாங்கிப் பிடித்தது. அங்கே பிடிக்க அரசு இருந்தது.

நல்ல வருஷத்து லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, மெலிந்த வருஷத்தில் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இஸ்லாமிய வங்கிகளில் உண்டு. லாபச் சமன் ஒதுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யலாம். எவ்வளவு ஒதுக்கினோம், எவ்வளவு எடுத்தோம் என்று பள்ளிவாசல் பலகையில் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள். ஒட்டாமல் செய்தால் அது மெலிந்த வருஷத்தை மறைக்கும் திரை ஆகிவிடும்.

சின்னதாகத் தொடங்குவதில் கூச்சம் வேண்டாம். 2008-ல் பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வுத்தாள் ஒன்று, சின்ன இஸ்லாமிய வங்கிகள் சின்ன வணிக வங்கிகளைவிட உறுதியாக இருந்ததையும், பெரிய இஸ்லாமிய வங்கிகள் பெரிய வணிக வங்கிகளைவிட நலிந்திருந்ததையும் காட்டியது. பெரிதானதும் கடன் வாங்குகிறவரை முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமல் போகிறது என்பது என் அனுபவம். நவீன இஸ்லாமிய வங்கியின் விதை என்று எல்லோரும் சொல்லும் மித் கம்ர், எகிப்தில் நைல் கழிமுகத்தில் ஒரு சின்ன ஊர். 1963-ல் அங்கே தொடங்கிய சேமிப்பு வங்கியின் பெயரில் இஸ்லாம் என்ற சொல்லே இல்லை. விவசாயிகளும் கைத்தொழிலாளிகளும் சில்லறை சேர்த்தார்கள். உங்கள் வரைவு ஐந்து வருஷத்தில் ஐந்து மாவட்டம் என்கிறது. ஐந்து வருஷம் சேலத்தில் ஒரே அறையில் நடத்துங்கள்.

இந்த ஊருக்குக் கூட்டாக நிமிர்ந்து நிற்கத் தெரியும். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது, இடைத்தரகர் சொன்னதே விலை என்ற நிலையை மாற்றத்தான். சரக்கைக் கிடங்கில் இறக்கி, மாதிரி எடுத்துச் சோதித்து, ரகசிய டெண்டரில் விலை கேட்டு விற்கும் முறை அது. யார் சரக்கு, யார் உறவு என்பது விலையைத் தீர்மானிக்காமல் இருக்க ஒரு முறையைக் கட்டினார்கள். நாம் கட்ட வேண்டியதும் அதுதான், பணத்துக்கு.

‘நமக்குள்ளே எதற்கு இவ்வளவு கணக்கு, எல்லோரும் அல்லாஹ்வுக்குப் பயந்தவர்கள்தானே’ என்று மூத்த பெரியவர் ஒருவர் கேட்டபோது மண்டபம் அமைதியானது. அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவருக்கு அடக்கத்தோடு ஒன்று நினைவூட்டுகிறேன். குர்ஆனிலேயே நீளமான வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282-வது. அது கடனைப் பற்றியது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதுங்கள், எழுதுகிறவர் நேர்மையாக எழுதட்டும், சாட்சி வையுங்கள், சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பாதீர்கள் என்று போகிறது. அந்த வசனம் யாரைக் கூப்பிட்டுத் தொடங்குகிறது? நம்பிக்கை கொண்டவர்களே என்றுதான். பயந்தவர்களுக்குத்தான் எழுதச் சொல்லியிருக்கிறது. பிறர் நம்பி ஒப்படைக்கும் அமானிதத்தைக் கையில் வாங்கப் போகிற நமக்கு, கணக்கு எழுதுவது தொழுகைக்கு வெளியே இருக்கிற வேலை இல்லை.

ஆகவே, பணம் வாங்கத் தொடங்கும் தேதியைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷரீஅத் குழுவைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கட்டும். எந்தக் கணக்கையும் எந்த நேரத்திலும் கேட்டு வாங்கிப் பார்க்கவும், ஒரு திட்டத்தை நிறுத்தி வைக்கவும் அதற்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். அதில் ஒருவராவது வணிகக் கணக்குப் படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். அரசுத் தணிக்கை வருஷம் முடிந்து வரும். அதுவரை காத்திராமல் மாதாமாதம் உள்தணிக்கை நடக்கட்டும். தலைவர் வேறு, செயலாட்சியர் வேறு ஆகட்டும். உள்தணிக்கைக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். கூலி வேண்டாம், பதவி வேண்டாம், என் குடும்பத்தில் யாரும் கடன் கேட்கவும் மாட்டார்கள். ஒரு நிபந்தனை உண்டு: என் அறிக்கை தலைவர் மேசைக்குப் போகும் அன்றே பள்ளிவாசல் பலகைக்கும் போக வேண்டும்.

திருத்தங்களைச் சிவப்பு மையில் குறித்த வரைவை வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உங்களிடம் நேரில் தருகிறேன்.

என் அக்காவும் அன்று பின்வரிசையில் இருந்தார். 4 லட்சத்தில் கோர்ட் வழியாக ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பவில்லை. பிறகு தையல் வேலையில் சேர்த்த 80,000 அவரிடம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில், ‘தம்பி, இதுல போடலாமா? இந்தத் தடவ நீ சொன்னா கேட்டுக்கிறேன்’ என்றார். 11-ம் பக்கமும் 13-ம் பக்கமும் மாறிய பிறகு சொல்கிறேன் அக்கா என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு நாளும் கேட்கிறார், மாத்திட்டாங்களா என்று.

வஸ்ஸலாம்.

உங்கள் சகோதரன்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
சேலம்.